யார் யாரைப் பார்த்து வாசிப்பது: யாழ்ப்பாணத்து அரங்கிசையும் திரையிசையும்

யாழ்ப்பாணத்தில் இப்போது குறும்படம் எடுப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. கமெரா கைக்கு எட்டும் விலைக்கு வந்துவிட்டது. படத்தொகுப்பு மடிக்கணினியிலேயே நடக்கிறது. 2015 முதல் யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழா நடப்பதால், வெளிநாட்டுப் படங்களைத் திரையில் பார்த்துப் பழகிய ஒரு கூட்டமும் உருவாகியிருக்கிறது. ஆனாலும் நம்மூர்ப் படமொன்றின் திரையிடல் முடிந்து வெளியே வருகிறவர்களைக் கேட்டால் வழக்கமாக ஒரு பதில் வரும்: "படம் வடிவாத்தான் இருக்கு, சத்தந்தான் சரியில்லை."

இதில் பாதி மைக் பிரச்சினை. கமெராவில் பொருத்திய மைக்கால் பத்தடி தூரத்து வசனத்தைப் பிடித்தால் அப்படித்தான் கேட்கும். கொஞ்சம் காசு செலவழித்தால் அது தீர்ந்துவிடும். மற்றப் பாதி இசை. அம்மா வாய் திறக்கும் முன்பே வயலின் அழத் தொடங்குகிறது. யாராவது கதவைத் திறந்தால் டிரம் அதிர்கிறது. ஏழு நிமிடப் படத்தில் ஆறரை நிமிடம் இசை ஓடுகிறது. தலைமுறை தலைமுறையாக நாடகத்துக்கு வாசித்துப் பழகிய ஊரில் இது ஏன் நடக்கிறது? கருவியோ மென்பொருளோ இல்லாத குறையாக எனக்குப் படவில்லை. அரங்கில் இசைக்காரர் நடிகரைப் பார்த்து வாசித்தார். நடிகரும் அவருடைய அடியைக் கேட்டு நடித்தார். திரையில் இசைக்காரர் முன்னால் இருப்பது ஏற்கெனவே நடித்து முடிந்துவிட்ட ஒரு படம். அது அவருக்காக ஒரு நொடிகூடக் காத்திருக்காது. இந்த மாற்றம் இசையமைப்பாளரிடம் என்ன கேட்கிறது என்பதை நாங்கள் இன்னும் சரியாக யோசிக்கவில்லை.

கூத்தில் இசையின் பிடி யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்கிறார். பக்கத்தில் சல்லரி என்ற கைத்தாளம், பின்னால் பிற்பாட்டுக்காரர். ஒரு பாத்திரம் களரிக்கு, அதாவது ஆடும் இடத்துக்கு, வரும்போது அதற்கென்று ஒரு வரவுத் தாளக்கட்டு உண்டு. அரசனுக்கு ஒன்று, பெண் பாத்திரத்துக்கு இன்னொன்று, அரக்கனுக்கு வேறொன்று. கூத்துப் பார்த்துப் பழகியவருக்கு முகம் தெரியும் முன்பே வருவது யார் என்று காது சொல்லிவிடும். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் தன் இசைநாடகங்களில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உணர்வுக்கும் ஒரு சிறு மெட்டை வைத்துத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார். பின்னால் சினிமா அந்த முறையைத் தூக்கி எடுத்துக்கொண்டது. 'தீம் மியூசிக்' என்று நாம் இன்று சொல்வது அதைத்தான். கூத்து அதே வேலையை அடியின் கணக்கால் செய்து வந்திருக்கிறது. மெட்டே தேவையில்லை.

பிற்பாட்டின் வேலையும் கவனிக்க வேண்டியது. நடிகர் ஒரு தருவை, அதாவது கூத்துப் பாட்டை, பாடி முடிக்கிறார். பிற்பாட்டுக்காரர் அதைத் திரும்ப எடுக்கிறார்கள். அந்த இடைவெளியில் நடிகர் மூச்சு வாங்கி ஆடுகிறார். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசையில் பாயில் இருந்தவருக்குத் தவறிப்போன வரியும் அப்போது காதில் விழுந்துவிடும். ஆட்டம் சூடு பிடித்தால் அண்ணாவியார் நீட்டுவார். ஆள் களைத்துவிட்டால் தீர்மானம் என்ற முடிப்புத் தாளக்கோவை ஒன்றை வைத்து முடித்துக் கொடுப்பார். காட்சியின் நீளம் என்பது அன்றிரவின் நடிகரும் அண்ணாவியாரும் சனமும் சேர்ந்து எடுக்கும் முடிவு.

குடாநாட்டுக்குள்ளேயே இது ஒரே மாதிரி இல்லை. வட்டுக்கோட்டையில் வடமோடி என்ற கூத்து வகையின் ஆட்டம் வேரூன்றியிருக்கிறது. குருநகர், பாசையூர், நாவாந்துறை போன்ற கரையோர ஊர்களின் கத்தோலிக்கக் கூத்தில் ஆட்டத்தைவிடப் பாட்டுக்கு இடம் அதிகம். அந்த மரபில் பூந்தான் யோசேப்பின் பெயரை இன்றும் மரியாதையோடு சொல்வார்கள். காத்தவராயன் கூத்து இன்னொரு வழி. அம்மன் கோயில்களில் நேர்த்திக்கடனுக்காக ஆடப்படுகிற இந்தச் சிந்துநடைக் கூத்தில் கதை முழுவதும் சில அடிப்படை மெட்டுகளிலேயே நகர்கிறது. ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த மெட்டுகள் மனப்பாடம். பார்வையாளர் கூடவே முணுமுணுக்கிற இசை அது. ஒரு திரைப்பட இசையமைப்பாளர் அப்படியொரு சபைக்காக ஏங்கத்தான் முடியும்.

அப்புறம் இசை நாடகம். தமிழ்நாட்டில் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களோடு வளர்ந்த மரபு, அங்கிருந்து வந்த குழுக்கள் வழியாக இங்கே கொட்டகைகளுக்குள் நுழைந்தது. ஆர்மோனியமும் அதோடு வந்தது. காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) வசந்த கான சபா மூலம் அரிச்சந்திர மயான காண்டத்தை ஆயிரக்கணக்கான மேடைகளில் நடித்தார் என்றால், அந்த மேடைகளின் ஓரத்தில் ஒவ்வொரு தடவையும் ஓர் ஆர்மோனியக்காரர் இருந்திருக்கிறார். அவருடைய வேலை சுருதி கொடுப்பதோடு முடிவதில்லை. நடிகர் பாடி இழுக்கும் கடைசிச் சுவரத்தைப் பிடித்து நிரப்ப வேண்டும். வசனம் விருத்தமாக மாறப்போவதை ஒரு வரிக்கு முன்பே மணந்து பிடித்து இராகத்தைத் தொட்டுவைக்க வேண்டும். அழுகை கூடி நடிகர் சுருதியை விட்டு விலகினால் மெல்ல இழுத்துக்கொண்டு வர வேண்டும்.

அந்தப் பெட்டிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஆர்மோனியத்தின் கட்டைகள் நிலையான சுவரங்கள். சுவரத்தை அசைத்து இழுக்கும் கமகம் அதில் வராது. இதைக் காரணம் காட்டித்தான் அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டு, 1971 வரை அதைத் தளர்த்தாமல் வைத்திருந்தது. கச்சேரி இசையின் அளவுகோலில் அந்தத் தடைக்கு நியாயம் இருக்கலாம். ஆனால் நாடக மேடையில் தேவைப்பட்டது வேறு: கொட்டகையின் கடைசி வரைக்கும் எட்டும் குரல், ஒரே ஆள் ஒரு கையால் துருத்தியையும் மறு கையால் மெட்டையும் சமாளிக்கும் வசதி, கண்ணை நடிகரில் வைத்துக்கொண்டே வாசிக்கக்கூடிய அமைப்பு. நாடகத்துக்கு நல்ல இசைக்கருவி எது என்பதைக் கச்சேரிக் காதால் தீர்மானிக்க முடியாது. திரைப்படத்துக்கும் அதேதான்.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கர்ணன் போர் (1962), இராவணேசன் (1964) முதலிய கூத்துகளை மேடைக்குக் கொண்டுவந்தபோது, விடிய விடிய ஆடியதை ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சுருக்க வேண்டியிருந்தது. இதை நாடக வரலாற்றுக்காரர் நிறையப் பேசியிருக்கிறார்கள். இசைப் பக்கத்திலிருந்து பார்த்தால் இதுதான் எங்களுக்கு வந்த முதல் 'படத்தொகுப்பு'. நாலு தடவை வந்த தரு ஒரு தடவையாகிறது. நீண்ட வரவு ஒரு நிமிடமாகிறது. அப்படியானால் மிஞ்சுகிற ஒவ்வொரு அடியும் கூடுதல் பாரம் சுமக்க வேண்டும். எதை வெட்டினாலும் பாத்திரம் அடையாளம் தெரிய வேண்டும் என்ற நெருக்கடி திரை இசையமைப்பாளருக்கு அன்றாடம் வருவது.

யாழ்ப்பாணத்தில் 1978இல் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரியும், அதை உருவாக்கி 2025 ஜனவரியில் மறைந்த குழந்தை ம. சண்முகலிங்கமும் இன்னொரு திருப்பத்தைக் கொண்டுவந்தார்கள். அவர் எழுதி க. சிதம்பரநாதன் 1985இல் நெறியாண்ட 'மண் சுமந்த மேனியர்' போன்ற நாடகங்களில் எடுத்துரைஞரும் குழுவும் பாட்டும் சேர்ந்துதான் நாடகத்தை நகர்த்துகின்றன. இசை நடிகர்களின் உடம்பிலிருந்தே வந்தது: கோரஸ், ஒப்பாரியின் சாயல், காலடி, மூச்சு. அந்தக் காலத்து நாடக இசையைப் பற்றிப் பேசினால் இசைவாணர் கண்ணனின் பெயர் வராமல் போகாது.

1990இன் நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளானது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் சனம் வானொலி கேட்டது. கசெற் போட்டால், சுற்றுகிற கை களைக்கும்போது மோட்டார் மெதுவாகும். பாடகரின் சுருதியும் கூடவே இறங்கும். இந்த நிலையில் பதிவு செய்த இசையை நம்பி நாடகம் போட முடியுமா? உயிருள்ள குரலும் தோல் வாத்தியமும் மட்டுமே கைவிடாதவை. பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் நடந்த நாடகங்கள் இசையில் சிக்கனமாக இருந்ததற்கு அழகியல் மட்டும் காரணமில்லை.

வானொலி நாடகத்தை வேகமாகக் கடந்துவிடலாம், ஆனால் விட்டுவிட முடியாது. இலங்கை வானொலியில் 'சானா' சண்முகநாதன் தமிழ் நாடகப் பகுதியை நடத்திய காலத்திலிருந்து, யாழ்ப்பாணப் பேச்சு ஒலிபெருக்கிக்குள் நுழைந்து வீடு வீடாகப் போனது. வானொலியில் மேடையும் காட்சியும் ஆடையும் எல்லாமே சத்தம்தான். சிரட்டைகளைத் தட்டிக் குதிரைக் குளம்பு, செலோபேன் தாளைக் கசக்கி நெருப்பு, தகரத்தை ஆட்டி இடி, சுளகில் பயறை உருட்டி மழை என்று உலகமெங்கும் வானொலிக் கலைஞர் கையாண்ட உத்திகள் இவை. சினிமாவில் 'ஃபோலி' என்ற பெயரில் இன்றும் அதே வேலை நடக்கிறது: திரையில் நடக்கிறவரின் காலடியை ஸ்ரூடியோவில் ஒருவர் மண்தட்டில் நடந்து மறுபடி பதிவு செய்கிறார். நம் குறும்படங்களில் இந்த வேலைதான் முதலில் விடுபடுகிறது. காலடிச் சத்தம் இல்லாத இடத்தை இசை வந்து மூட வேண்டியதாகிறது. இசை அளவுக்கு மிஞ்சுவதற்கு இது ஒரு பெரிய காரணம், ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

சரி, திரைக்கு வருவோம். ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வலிகாமம் வடக்கில், உயர் பாதுகாப்பு வலயமாக இருந்து விடுவிக்கப்பட்ட ஒரு காணி. நடுத்தர வயதுப் பெண் ஒருவர் பல வருடத்துக்குப் பிறகு தன் வீட்டுப் படலையைத் திறக்கிறார். பற்றை மண்டிய முற்றத்தில் நடக்கிறார். கூரையில்லாத சுவரைப் பார்க்கிறார். கடைசியில் கிணற்றடியில் நிற்கிறார்; அங்கே தண்ணீர் இறைக்கும் துலா இருந்த இடத்தில் அதைத் தாங்கிய கால் மட்டும் மிச்சம். படலையிலிருந்து கிணற்றடிவரை 37 செக்கன்.

பெரும்பாலான இளம் இசையமைப்பாளர்கள் படலை திறந்தவுடன் தொடங்கிவிடுவார்கள். சோக வீணை அல்லது மென்பொருளில் வரும் பெரிய வயலின் கூட்டம். அப்படிச் செய்தால் பார்வையாளருக்கு அந்தப் பெண் என்ன உணர்கிறார் என்று முதல் நொடியிலேயே சொல்லியாயிற்று. மிச்சம் 36 செக்கனுக்கு அவர் பார்க்க ஒன்றுமில்லை. இசையை எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்று இயக்குநரும் இசையமைப்பாளரும் படத்தை ஓட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்ளும் அமர்வு ஒன்று உண்டு. திரை இசையில் மிக முக்கியமான முடிவுகள் ஒரு சுவரமும் எழுதப்படும் முன்பு அங்கேதான் எடுக்கப்படுகின்றன. என் விருப்பம் கேட்டால், துருப்பிடித்த படலையின் கிறீச்சும் பனையோலை உரசலும் காலடியில் முறிகிற சுள்ளியும் அந்த 37 செக்கனைத் தாங்கும். இசை கிணற்றடியில், அவர் துலாக்காலைப் பார்த்தபின் வரலாம். வராமலும் விடலாம்.

ஆனால் இயக்குநர் இசை வேண்டும் என்கிறார், அதுவும் படத்துண்டு மாறித் துலாக்கால் தெரிகிற அந்த வெட்டில் சரியாக ஓர் அடி விழ வேண்டும் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் கணக்கு தொடங்குகிறது. சினிமா வழக்கமாக ஒரு செக்கனுக்கு 24 பிரேம். 'பால்' (PAL) என்ற ஒளிபரப்பு முறையைப் பின்பற்றும் இலங்கைத் தொலைக்காட்சி 25 பிரேம். நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தில் ஓர் அடிக்கு 24 பிரேம் படத்தில் சரியாக 12 பிரேம். அதே வேகம் 25 பிரேமில் பன்னிரண்டரை ஆகிவிடும், அடி வெட்டில் உட்காராமல் நழுவும். வேகத்தை 125 ஆக்கினால் மறுபடி 12க்கு வரும். கணினி இதையெல்லாம் இன்று தானே பார்த்துக்கொள்கிறது என்றாலும், படம் 25இலும் இசைக்கோப்பு 24இலும் கிடந்து, முடிவில் உதடும் குரலும் பிரிந்துபோன வேலைகள் இன்னும் நடக்கின்றன.

37 செக்கனுக்கு வருவோம். நிமிடத்துக்கு 72 அடி என்ற நடை அந்தப் பெண்ணின் நடைக்குப் பொருந்துகிறது. அந்த வேகத்தில் 37 செக்கனில் 44 அடியும் கொஞ்சமும் அடங்கும். நாலு நாலாக எண்ணிப் பழகியவர் 11 ஆவர்த்தம் போட்டு முடித்துவிடுவார். குற்றமில்லை, ஆனால் அடி விழப்போவது எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்துவிடும். ஒரு தவில்காரரிடம் 44ஐக் கொடுத்துப் பாருங்கள். 14 அடிச் சொற்கட்டு, ஓர் அடி இடைவெளி, மறுபடி 14, ஓர் அடி இடைவெளி, மறுபடி 14. கூட்டினால் 44. அடுத்த அடி தாளம் தொடங்கும் சமத்தில், துலாக்காலில். வேகத்தை 72இலிருந்து 71.35க்கு இறக்கினால் அது 37ஆவது செக்கனில் அச்சொட்டாக வந்து விழும். ஹொலிவூட்டில் இதற்கென்று அட்டவணைப் புத்தகங்கள் வைத்திருந்தார்கள். தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியைத் தந்த ஊரில், கோயில் வீதியில் வளர்ந்த பையன் ஒருவன் இந்தக் கணக்கை விரலில் போடுவான். அவனைத் திரை இசைக்குக் கூப்பிடுகிறவர்தான் குறைவு.

கூப்பிட்டாலும் ஒரு சிக்கல் வரும். நாதஸ்வரம் தன் துளைகளின் சுருதியிலேயே நிற்கும். வாயில் வைத்து ஊதும் சீவாளியை மாற்றிக் கொஞ்சம் நகர்த்தலாம், அவ்வளவுதான். நம் வித்துவான்கள் சுருதியைச் சொல்லும் கட்டைக் கணக்கில் ஒரு கட்டை என்றால் கீபோட்டில் ஸி, இரண்டு என்றால் டி, இரண்டரை அதற்கு அடுத்த கறுப்புக் கட்டை. வித்துவான் வருவதற்கு முன்பே ஸி-மைனரில் எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டு, அவரை அதற்குள் அடங்கச் சொல்வது தலைகீழ் வேலை. முதலில் அவருடைய வாத்தியத்தின் சுருதியைக் கேட்டு, அதற்குக் கணினியை மாற்ற வேண்டும். கணினிக்கு அது ஒரு சொடுக்கு வேலை.

இதெல்லாம் தெரிந்தும் நம் படங்கள் ஏன் சென்னைப் படங்கள் மாதிரிக் கேட்கின்றன? படத்தொகுப்பு நடக்கும்போது வெறுமையாக இருக்கக் கூடாது என்று, தெரிந்த சினிமா ஒன்றின் பின்னணி இசையைத் தற்காலிகமாகப் போட்டுக்கொள்கிறார்கள். உலகமெங்கும் உள்ள வழக்கம்தான். இயக்குநர் அதோடு ஐம்பது தடவை படத்தைப் பார்க்கிறார். பிறகு இசையமைப்பாளர் என்ன கொண்டுவந்தாலும் "அது மாதிரி இல்லையே" என்பார். கடைசியில் நகலெடுக்கச் சொல்வார், அல்லது அதையே விட்டுவிடுவார். விட்டால் யூரியூப்பின் தானியங்கி அடையாளம் காணும் முறை பிடித்துவிடும். விளம்பர வருமானம் வேறொருவருக்குப் போகும், அல்லது படமே முடங்கும். இலங்கைச் சட்டமும் இளகியதல்ல: 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டத்தின்படி படைப்பாளியின் வாழ்நாளும் அதற்குப் பின் 70 ஆண்டும் பதிப்புரிமை உண்டு. நாளைக்கு அந்த இசையமைப்பாளரும் இதே சட்டத்தின் நிழலில்தான் நிற்கப் போகிறார். அதனால் 'தம்பி, ஒரு மியூசிக் போட்டுத்தா' என்று கேட்டால் முதலில் ஒரு துண்டுக் கடதாசியிலாவது உரிமை யாருக்கு என்று எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

சூழல் ஒலியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாழ்ப்பாணத்தில் காலத்தையே சத்தத்தால் சொல்லலாம். இன்றைய காலைக் காட்சியா? கோயில் ஒலிபெருக்கி, தேவாலய மணி, தெருவில் பேத்தோவனின் ஃபூர் எலிசேயைப் பாடிக்கொண்டு வரும் பாண் ஓட்டோ. (படப்பிடிப்பில் ஒலிப்பதிவாளரை அதிகம் அலுப்படிப்பது இந்த பேத்தோவன்தான்.) சோளகம் வீசும் மாதங்களில் காய்ந்த பனையோலை எழுப்பும் சத்தத்தைத் தென்னந்தோப்பின் சத்தத்தால் ஈடுசெய்ய முடியாது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் 'கிராமத்துக் காலை' ஒலியை இறக்கிப் போட்டால் எந்த நாட்டுப் பறவையோ வந்து கூவும். ஊர்க்காதுக்கு அது உடனே தெரியும், என்ன பிழை என்று சொல்லத் தெரியாவிட்டாலும்.

இப்போது அதே காட்சியை 1992ஆம் ஆண்டின் இரவுக்கு மாற்றுங்கள். மின்விசிறி இல்லை. குளிர்சாதனப் பெட்டியின் முனகல் இல்லை. அயல்வீட்டுத் தொலைக்காட்சி இல்லை. எட்டத்தில் மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் சைக்கிள் ஒன்று திணறிக்கொண்டு போகலாம். ஆட்காட்டி கத்தும். அந்த நிசப்தத்தின் அளவுதான் அந்தக் காலத்தின் அளவு. அதைப் பதிவு செய்ய இன்று நள்ளிரவுக்குப் பின் மின்கம்பிக்கு எட்டத்தில் உள்ள வெளிக்குப் போக வேண்டும். நம் போர்க்காலப் படங்களில் வெடி மட்டும்தான் கேட்கிறது, பெரிதாக. அந்தக் காலத்தில் இருந்தவர்கள் கேட்டது வேறு வரிசை: எறிகணை புறப்படும் மங்கிய குத்து, அதற்குப் பிறகு ஒருவரும் மூச்சு விடாத சில நொடி, பிறகு விழுகிற சத்தம். தூரத்து வெடி என்றால் வெளிச்சம் முதலில், சத்தம் பிறகு. ஒலி ஒரு கிலோமீற்றரைக் கடக்க ஏறத்தாழ மூன்று செக்கன் எடுக்கும். இந்த மூன்று செக்கனை மதிக்கிற ஒலியமைப்பாளருக்குப் பின்னணி இசையே தேவைப்படாமல் போகலாம்.

தொலைக்காட்சி வேறு ஊடகம், வேறு பழக்கம். 1982இல் ரூபவாஹினி வந்தது முதல் வீட்டுக்குள் இருக்கும் அந்தப் பெட்டியை யாரும் இருட்டில் அமைதியாக இருந்து பார்ப்பதில்லை. குசினியில் கறி தாளித்துக்கொண்டே காதால் பின்தொடர்கிறார்கள். தொடர் நாடகங்களில் இசை விடாமல் ஓடுவதற்கு அது ஒரு காரணம்: காட்சி மாறிவிட்டது, மாமியார் வந்துவிட்டார் என்று அடுப்படிக்கு அறிவிக்க வேண்டும். கூத்தின் வரவுத் தாளம் செய்த வேலைதான் இது, கொஞ்சம் மலிவாக. நான் அதைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அந்தப் பழக்கத்தை இருட்டு மண்டபத்தில் திரையிடும் படத்துக்குள் கொண்டுவருவதில் அர்த்தமில்லை.

இன்னொரு மண்டபமும் இருக்கிறது, உள்ளங்கைக்குள். நம் படங்களைப் பார்ப்பவர்களில் மிகப் பலர் கைத்தொலைபேசியில், பலர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் பேருந்துப் பயணத்தில் பார்க்கிறார்கள். அந்தச் சிறிய ஒலிபெருக்கியில் தாழ்ந்த ஒலிகள் வருவதில்லை. மத்தளத்தின் தொப்பிப் பக்கத்து 'தொம்' காணாமல் போய், வலந்தலையின் தட்டல் மட்டும் மிஞ்சும். இதற்கு ஒரு வழி உண்டு. தாழ்ந்த ஒலியின் மேல் அடுக்கு அதிர்வுகள் தெளிவாக இருந்தால், அடிப்படை ஒலி வராவிட்டாலும் மூளை அதை ஊகித்து நிரப்பிக்கொள்ளும். அதனால் கலவை செய்பவர்கள் அந்தத் 'தொம்'முக்கு மெல்லிய சிதைவு ஒன்றைச் சேர்த்து மேல் அடுக்குகளைத் தூக்குவார்கள். கோயில் திருவிழாக் கூம்பு ஒலிபெருக்கியில் ஊர்க்காது நெடுங்காலமாகச் செய்துவந்த ஊகம் இது. உரப்பைக் கூட்டி வெல்லலாம் என்று நினைப்பதிலும் பயனில்லை: யூரியூப் ஏறத்தாழ -14 லஃப்ஸ் (LUFS, உரப்பை அளக்கும் அலகு) அளவுக்கு மேலே போகும் எதையும் தானே குறைத்துவிடும். ஐரோப்பிய ஒளிபரப்பு நியமமோ -23. இரண்டுக்கும் இரண்டு கலவை செய்ய வேண்டியதுதான்.

பணத்தைப் பற்றி நீட்டுவதில் பயனில்லை. கமெரா வாடகை, சாப்பாடு, வாகனம் எல்லாம் போக மிஞ்சுவது இசைக்கு. மிஞ்சுவது பெரும்பாலும் இல்லை. ஆனால் செலவில்லாத ஒன்றைச் செய்யலாம்: இசையமைப்பாளரைப் படம் முடிந்தபின் கூப்பிடாமல், கதை எழுதும்போதே கூப்பிடுவது. எந்தக் காட்சியில் இசை வராது என்று முதலே தெரிந்தால் அந்தக் காட்சிக்கு ஒலிப்பதிவாளர் கூடுதலாகக் கவனம் எடுப்பார். ஒவ்வொரு இடத்திலும் எல்லாரையும் பேசாமல் நிற்கச் சொல்லி ஒரு நிமிட வெறுஞ்சத்தத்தைப் பதிந்துகொள்வார். மருதனார்மடத்தில் இராமநாதனின் பெயரால் உள்ள நுண்கலை நிறுவனத்தில் இசை படிக்கிறவர்களும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் படிக்கிறவர்களும் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். இரண்டு கூட்டத்தையும் ஒரே அறையில் இருத்தி ஒரு காட்சியை ஓட்டிக் காட்டினாலே பாதி வேலை நடக்கும்.

மத்தளத்தைத் திரைக்குப் பதிவு செய்யும் விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வழக்கமாகச் செய்வது, வாசிப்பவரின் காதில் ஹெட்போனை மாட்டி, கணினியின் 'டிக் டிக்'கைக் கொடுத்து, கண்ணாடி அறைக்குள் தனியே இருத்துவது. வாசிப்பு சரியாக வரும், உயிர் வராது; அவர் வாழ்நாள் முழுதும் ஒரு நடிகரின் காலைப் பார்த்து வாசித்தவர். ஆட்டமோ சண்டையோ உள்ள காட்சி என்றால் மத்தளத்தை முதலில் பதிந்து, படப்பிடிப்பில் ஒலிக்கவிட்டு, அதற்கு நடிக்க வைக்கலாம். மற்றக் காட்சிகளுக்கு, தொகுத்த படத்தைச் சுவரில் பெரிதாக ஓட்டி, டிக் டிக்கைக் கழற்றிவிட்டு, நடிகரைப் பார்த்து நாலைந்து தடவை வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு தடவை அடி வெட்டுக்கு ஆறு பிரேம் பிந்தி விழும், ஆனால் அந்தத் தடவைதான் நன்றாக இருக்கும். அப்போது படத்தொகுப்பாளரிடம் அந்த வெட்டை ஆறு பிரேம் தள்ளச் சொல்லலாம். கால் செக்கன்தான், அவர் தருவார்.